பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

மே 12, திங்கள்

ஃபைரோஸ் இன்று என்னைக் கேட்காமல் ஒரு பெட்டி போட்டுவிட்டான்.

ஒரு புராஜெக்ட்டுக்கு ஒரு நோட்டு என்பது என் வழக்கம். இதை மெயிலில் எழுதினால் வேலை போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். மூன்று வாரம் உட்கார்ந்து அந்தத் திரையை வரைந்தேன். வெள்ளைப் பின்னணி, மேலே நாளைய தேதி, நடுவில் டயாலிசிஸ் மெஷின் படம், கீழே இளநீல எழுத்தில் ‘நாளை வருகிறேன்’. அவ்வளவுதான். கோடு கிடையாது, கட்டம் கிடையாது, நிழல் கிடையாது. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துக் கொண்டுவந்த சுத்தம் அது. இவன் புரோகிராம் எழுதுகிறவன். எழுதுகிற வேலையைப் பார்க்காமல், அந்த எழுத்தைச் சுற்றிக் கொழுகொழுவென்று ஒரு நீலப் பெட்டி போட்டு, பேருந்து நிலையத்துக் கழிப்பறைப் பலகை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான்.

ஏன் என்று கேட்டேன். “பட்டன் மாதிரியே தெரியலைக்கா, அதான்” என்றான். பொள்ளாச்சியில் பன்னிரண்டு நோயாளிகளிடம் சோதித்தேன், பன்னிரண்டு பேரும் சரியாக அமுக்கினார்கள், நீ யாரிடம் சோதித்தாய் என்று ஆபீஸே கேட்கும்படி கேட்டேன். பதினோரு மணிக்குள் பெட்டி போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு ஆப் பொள்ளாச்சி மையத்துக்குப் போனது.

ஆறு ஊர்களில் டயாலிசிஸ் மையம் நடத்தும் நிறுவனத்துக்காகச் செய்தது இது. பெயரை இந்த நோட்டில்கூட எழுதக் கூடாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதுவரை முதல் நாளே ஒரு பெண் ஒவ்வொரு நோயாளிக்கும் போன் போட்டு ‘நாளைக்கு வர்றீங்களா’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வராதவர் மெஷின் சும்மா கிடக்கக் கூடாது, வெளியே காத்திருப்பவர்கள் நிறைய. இனி அந்தப் பெண் கிடையாது. வியாழக்கிழமையிலிருந்து நோயாளியே முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் ஆப்பில் அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் மெஷின் வேறொருவருக்குப் போகும். மூன்று முறை தவறினால் அவருடைய இடமே போய்விடும், காத்திருப்போர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஜூன் ஒன்றாம் தேதி ஆறு மையங்களிலும் இதே ஏற்பாடு.

போன் போடும் மேசையை மூடலாம் என்று அவர்கள் துணிந்ததற்குக் காரணம் என் அறிக்கையின் முதல் வரி: பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

மே 13, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. ஃபைரோஸ் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மே 16, வெள்ளி

இன்று பொள்ளாச்சிக்கு வர வேண்டியவர்கள் இருபது பேர். நேற்று அமுக்கியவர்கள் ஒன்பது பேர். மீதி பதினொரு பேரும் காலையில் நேரே வந்து நின்றிருக்கிறார்கள். அதற்குள் அவர்கள் மெஷின்களுக்குக் கம்ப்யூட்டர் வேறு ஆட்களைக் கூப்பிட்டுவிட்டது. அங்கே ஒரே சண்டையாம்.

எங்கள் முதலாளி பார்த்திபன் சார் என்னைக் கூப்பிட்டு என்ன இது என்றார். அந்த மையத்து ஊழியர்கள் நோயாளிகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். சொல்லிக் கொடுத்தால்தான் புரியும் என்றால் அது என்ன டிசைன் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை. அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்பது நான்தான்.

எண்களைப் பார்த்தேன். அமுக்காத பதினொரு பேரும் ஆப்பைத் திறந்திருக்கிறார்கள். திறந்து, மெஷின் படத்தை அமுக்கியிருக்கிறார்கள். ஒருவர் பதினான்கு முறை. படத்தைப் போய் எதற்கு அமுக்க வேண்டும்? எழுத்துதான் இருக்கிறதே, தமிழில்தானே இருக்கிறது? அதை ஃபைரோஸ் ஒரு விரல்கடை கீழே இறக்கியிருப்பானோ என்று அளந்து பார்த்தேன். இறக்கவில்லை. எழுத்தின் நீலத்தை மாற்றியிருப்பானோ என்று பார்த்தேன். அதுவும் இல்லை. அப்போதும் அவன்மேல்தான் கோபம் வந்தது.

மார்ச்சில் எடுத்த சோதனை வீடியோ ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். மாராத்தாள் என்ற அம்மா, ஐம்பத்தேழு வயது, நூல் மில்லில் வேலை பார்த்தவர். முதல் தொடுதல் படத்தின்மேல், அடுத்த தொடுதல் சரியாக எழுத்தின்மேல். மொத்தம் நான்கு விநாடி. வயதானவர்களுக்கு விரல் நடுங்கும், முதல் தொடுதலைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அப்போதே ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். இவர்களுக்கு அன்று நான்கு விநாடியில் தெரிந்தது இன்று தெரியாமல் போகுமா? அக்கறையில்லை, அவ்வளவுதான்.

மே 18, ஞாயிறு

துணி துவைத்தேன். வாஷிங் மெஷினில் ஒன்பது பொத்தான்கள், எனக்குத் தெரிந்தது இரண்டு. இதை வரைந்தவனை நேரில் பார்க்க வேண்டும்.

மே 20, செவ்வாய்

பொள்ளாச்சி மையத்துத் தலைமை நர்ஸ் ஜெயசீலி சிஸ்டர் போன் செய்தார். மாராத்தாளுக்கு வெள்ளிக்கிழமை மெஷின் இல்லை. சாயந்தரம் எப்படியோ இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நேற்றும் இல்லை, சாயந்தரமும் இடமில்லை. இன்று விடிகாலையில் மூச்சு முட்டி, நுரையீரலில் நீர் கோத்து, தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவசரமாக டயாலிசிஸ் கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். உள்ளே படுத்திருக்கும் வரை ஆப்பில் அமுக்க வேண்டியதில்லை.

“ரெண்டு தடவை மிஸ் ஆயிடுச்சு மேடம். இன்னும் ஒண்ணு போச்சுன்னா அவங்க இடமே போயிடும். கம்ப்யூட்டர் எங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குது” என்றார்.

விதியை நான் போடவில்லை, ஆஸ்பத்திரி போட்டது என்று சொன்னேன். சிஸ்டர் சரி மேடம் என்று வைத்துவிட்டார். அந்தச் ‘சரி மேடம்’ நாள் முழுக்க எரிச்சலாக இருந்தது.

மே 21, புதன்

காலை பஸ்ஸில் பொள்ளாச்சி போனேன். சொல்லிக் கொடுக்காதவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்துக் காட்டுகிறேன் என்ற வீம்பு.

மாராத்தாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார். அன்றைக்கு ஆளுக்கொரு டிபன் டப்பா கொடுத்த பொண்ணுதானே என்றார். போனை எடுங்கள், காட்டுகிறேன் என்றேன். போன் அவரிடம் இல்லை. மகன் பூபதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். நேற்று வந்தவர் இதே வார்டில், எட்டுக் கட்டில்காரர்களும் பார்க்க, ‘ஒரு பட்டனை அமுக்கத் தெரியாத மக்கு, உயிரை வாங்கறே’ என்று திட்டிவிட்டு, இனி நானே அமுக்கிக்கொள்கிறேன் என்று போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

மில்லில் இருபத்தாறு வருஷம் மெஷின் ஓட்டியவர், தொழிற்சங்க நோட்டீஸை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியவர். மகன் திட்டியதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் பூபதிமேல் ஆத்திரம் வந்தது. பெற்ற தாயை நாலு பேருக்கு முன்னால் அப்படிப் பேசுகிறவன் என்ன ஆள்?

என் போனில் ஆப்பைத் திறந்து, எழுத்தைக் காட்டி, இதைத்தான் அமுக்க வேண்டும் என்றேன். உற்றுப் பார்த்தார்.

“இது எழுத்தல்லோ கண்ணு. எழுத்தைப் போயி ஆராச்சும் அமுக்குவாங்களா?”

மார்ச்சில் அமுக்கினீர்களே என்றேன்.

“அன்னிக்கு நீ குடுத்த போன்ல தப்பா எங்கயாச்சும் தொட்டா, நீலமா ஒரு கட்டம் பளிச்சுனு மின்னி மறையுமல்லோ. அது எங்க மின்னுதோ அங்க அமுக்குன்னு நாங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். உள்ள போயிட்டு வந்தவங்க வெளிய இருந்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. இந்தப் போன்ல மின்னவே மாட்டேங்குது. என்ற கண்ணுதான் போயிருச்சாட்ட இருக்குதுன்னு இருந்துட்டேன்.”

அதன் பிறகு வேறு விஷயங்கள் பேசினோம். மில், தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டியிருக்கும் கஷ்டம், வெயில். நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் கிளம்பிவிட்டேன்.

மே 22, வியாழன்

தலைவலி. லீவு. பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டேன்.

மே 23, வெள்ளி

இன்று பன்னிரண்டு வீடியோக்களையும் பார்த்தேன். ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பார்த்தேன்.

ஆப் கட்டுவதற்கு முன், வரைந்த படங்களை மட்டும் வைத்துப் போனில் ஆப் போலவே ஓடுகிற ஒரு மாதிரியைச் செய்வோம். அதைத்தான் மக்களிடம் கொடுத்துச் சோதிப்போம். அதில் வேலை செய்வது சரியான இடம் மட்டும்தான், மற்றதெல்லாம் வெறும் படம். தவறான இடத்தைத் தொட்டால் சரியான இடம் எது என்று நீலக் கட்டம் ஒரு நொடி மின்னிக் காட்டும். டிசைன் செய்கிறவர்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொள்வது. வெளி ஆளிடம் கொடுக்குமுன் அதை அணைத்துவிட வேண்டும். ஒரே ஒரு டிக். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

பன்னிரண்டு வீடியோவிலும் மின்னுகிறது. முதல் தொடுதல் படத்தின்மேல், மின்னல், இரண்டாம் தொடுதல் எழுத்தின்மேல். ஒன்பதாவது ஆளுக்குப் பிறகு யாரும் திரையைப் படிக்கக்கூட இல்லை. எங்கேயோ ஒரு தட்டு தட்டிவிட்டு மின்னலுக்குக் காத்திருக்கிறார்கள். வீடியோவில் என் குரல் கேட்கிறது, “பார்த்தீங்களா, எவ்வளவு ஈஸி” என்கிறது. அவர்களும் ஈஸிங்க, நல்லா இருக்குதுங்க என்கிறார்கள். டிபன் டப்பா கொடுத்தவளிடம் வேறு என்ன சொல்வார்கள்?

முதலில் அந்த மென்பொருளைச் செய்தவர்கள்மேல் கோபம் வந்தது. அந்த டிக்கை ஏன் தானாகவே போட்டு வைக்கிறார்கள்? பிறகு பார்த்திபன் சார்மேல். சோதனைக்கு இரண்டு நாள் கேட்டேன், அரை நாள் கொடுத்தார். பிறகு அந்தப் பன்னிரண்டு பேர்மேல்கூட வந்தது. ஒரு ஆளாவது ‘ஏம்மா மின்னுது’ என்று கேட்டிருக்கலாம்.

மூன்று மணி வரை இப்படி ஒவ்வொருவராகத் திட்டினேன். அதன் பிறகு திட்ட ஆள் இல்லை. எட்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிற கோகிலவாணி ஒரு டிக்கை எடுக்க மறந்துவிட்டாள். அதை வைத்து ஒரு மேசையை மூடவைத்தாள், ஒரு பையனை ஆபீஸுக்கு முன்னால் வாயடைத்தாள், ஒரு அம்மாவின் நுரையீரலில் நீர் கோக்கவைத்தாள். அசிங்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும்.

மே 25, ஞாயிறு

இன்றே சார் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். அலமாரியை ஒழுங்குபடுத்தினேன்.

மே 26, திங்கள்

சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு, வேறு யாருக்குத் தெரியும் என்றார். யாருக்கும் தெரியாது என்றேன்.

இதில் பதற ஒன்றுமில்லை என்றார். ஃபைரோஸை விட்டு அந்தப் பெட்டியைத் திரும்பப் போடு, இன்றே புது வடிவத்தை அனுப்பிவிடு, மக்கள் சொன்னதைக் கேட்டு மேம்படுத்தினோம் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொள்ளலாம். சோதனையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே, ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்றார்.

பெட்டி போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே? தீர்ந்துவிடும். அதனால் சரி என்றேன். ஃபைரோஸிடம் போய்ப் பெட்டியைத் திரும்பப் போடச் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. பத்து நிமிஷ வேலை. நானும் சொல்லவில்லை. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டான்.

மாராத்தாள் இன்று டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். அடுத்த முறை புதன்கிழமை.

மே 27, செவ்வாய்

புதுப் பெட்டியுடன் ஆப் போய்விட்டது. நன்றாகத்தான் இருக்கிறது.

மே 28, புதன்

நன்றாக இருந்து என்ன பயன்? புது வடிவம் போனில் இறங்கினால்தானே பெட்டி தெரியும். பூபதியின் கையில் இருக்கும் மாராத்தாளின் போன் பழைய போன், இடம் நிறைந்துபோனது. அதில் இறங்கவே இல்லை. நேற்று மாலை அம்மாவுக்காக மகன் அமுக்கியிருக்கிறார். எண்களில் இருக்கிறது. நாலு மணி நாற்பது நிமிஷத்துக்குத் திறந்திருக்கிறார், மெஷின் படத்தை ஆறு முறை தட்டியிருக்கிறார், முடிந்தது என்று மூடிவிட்டார்.

மூன்றாவது தவறு. இன்று காலை மாராத்தாள் போய் நின்றபோது அவர் பெயரே பட்டியலில் இல்லை. காத்திருப்போர் வரிசையில் பதினேழாவது ஆள். ஜெயசீலி சிஸ்டர் போனில் அழுதார். ஒரு மெஷின் பழுது என்று கணக்கில் காட்டி, அதில் அந்த அம்மாவை உட்கார வைத்திருக்கிறாராம். இன்று சரி, வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது மேடம் என்றார். மகன் சிஸ்டரின் போனில் கூப்பிட்டு, நீ நோண்டி நோண்டியே போனைக் கெடுத்து வைத்திருக்கிறாய் என்று மறுபடியும் திட்டினாராம்.

திங்கட்கிழமை நான் சரி என்று சொல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இதை எழுதிப் பார்க்கத்தான் இந்த நோட்டைத் திறந்தேன், எழுதிவிட்டேன்.

உடனே ஆஸ்பத்திரி நிர்வாகிக்குக் கடிதம் அடித்தேன். என் சோதனை தவறு, காரணம் இது, பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் தானாக அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்கவில்லை, என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், அதை நம்பிப் போன் மேசையை மூடாதீர்கள், மே பதினைந்தாம் தேதியிலிருந்து விழுந்த தவறுகள் எதுவும் நோயாளிகளுடையவை அல்ல. வீடியோக்களையும் இணைத்தேன். பார்த்திபன் சாருக்கும் ஃபைரோஸுக்கும் நகல் வைத்தேன்.

சார் என் மேசைக்கே வந்துவிட்டார்.

“ஆறு மாச உழைப்பு கோகிலா. நாப்பது பேர் இந்தக் கம்பெனியை நம்பி இருக்காங்க. உனக்கு மனசு உறுத்துனா கோயிலுக்குப் போ. அதுக்கு ஏம்மா கடிதம்?”

அந்த அம்மா வெள்ளிக்கிழமை எந்த மெஷினில் உட்காருவார் சார் என்று கேட்டேன். அது நம் வேலை இல்லை என்றார். நாம்தான் சார் அவரை மெஷினிலிருந்து எழுப்பிவிட்டது என்றேன். கத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாளையிலிருந்து வீட்டில் இரு, சொல்லி அனுப்புகிறேன் என்று போய்விட்டார்.

கிளம்பும்போது ஃபைரோஸ் பையைத் தூக்கிக்கொண்டு படி வரை வந்தான். அவனிடம், அன்றைக்கு நீ போட்டது சரி, எல்லோருக்கும் முன்னால் உன்னை அப்படிப் பேசியது தப்பு என்றேன். படியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. “சரிக்கா” என்றான்.

மே 29, வியாழன்

நிர்வாகியின் ஆபீஸிலிருந்து மூன்று முறை கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஒரு மணி நேரம் காய்ச்சி எடுத்தார்கள். நான்காவது அழைப்பு மாலையில் வந்தது. தவறுகள் எல்லாம் ரத்து, அவரவர் இடம் அவரவருக்கு. போன் போடும் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். மற்ற ஐந்து மையங்களுக்கு எங்கள் ஆப் வேண்டாமாம். பார்த்திபன் சார் என் அழைப்பை எடுக்கவில்லை.

மே 30, வெள்ளி

பொள்ளாச்சி போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

மாராத்தாள் தன் பழைய இடத்திலேயே, ஜன்னலோரத்து மெஷினில் படுத்திருந்தார். கையிலிருந்து குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. எட்டுக் கட்டிலிலும் ஆள் இருந்தார்கள். அதில் ஐந்து பேர் என் வீடியோவில் இருப்பவர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். மின்னியது ஏன், இப்போது ஏன் மின்னவில்லை, அதை அணைக்க மறந்தது யார், தெரிந்த பிறகும் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது யார். உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை அம்மா, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

பரவாயில்லை கண்ணு என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், பஸ்ஸில் காலை மிதித்தால்கூடப் பரவாயில்லை என்பார்கள். அவர் சொல்லவில்லை. என்னை நன்றாகப் பார்த்தார். மார்ச்சிலும் சரி, போன வாரமும் சரி, அந்த முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

“முந்தாநேத்து எம்பட பேரையே அடிச்சுப் போட்டாங்க. செத்தாலும் பரவால்லைன்னு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். அப்பவும் என்ற மேலதான் தப்புன்னு உக்காந்திருந்தேன்” என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு ஜெயசீலி சிஸ்டரைக் கூப்பிட்டு, பூபதிக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். மகன் எடுத்து, என்னம்மா, வேலையில் இருக்கிறேன் என்றதும், சித்த இரு என்றுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இப்ப எங்கிட்டச் சொன்னியல்லோ, அதைச் சொல்லு. குசுகுசுன்னு சொல்லாதே, எந்திரிச்சு நின்னு சொல்லு. அவன் என்னைய மக்குன்னு சொன்னது இந்த வார்டுக்கே கேட்டுச்சு. இதுவும் கேக்கட்டும்.”

எழுந்து நின்றேன். என் பெயரைச் சொன்னேன். மார்ச் மாதத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு வரி விடாமல், கடைசிக் கட்டிலில் இருந்தவருக்கும் கேட்கும்படி சொன்னேன். செவ்வாய்க்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு நீங்களும் படத்தைத்தான் ஆறு முறை தட்டினீர்கள் என்று பூபதியிடமும் சொன்னேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. முடித்துவிட்டேன். உட்காரலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

மாராத்தாள் குழாய் இல்லாத கையால் போனை வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

“கேட்டுச்சாடா?” என்றார்.

அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் வந்தது.

“கேட்டுச்சான்னு கேட்டேன்” என்றார் மறுபடியும்.